நாய் சைஸ் லாப்ஸ்டர்

"மூணே நாள்ல எங்க தீவைச் சுத்திப் பாக்கணுமா? மூணு நாள்ல எங்க மர்ட்டில் அக்கா ஒரு பேச்சையே முடிக்க மாட்டாங்களே!"

வெண்டல் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார். பிரின்ஸ் எட்வர்ட் தீவு கனடாவிலேயே சின்ன மாகாணம். அவர் வாயில் மட்டும் அது ஒரு கண்டம்.

எதிரே உட்கார்ந்திருந்த திருமதி பாவ்லக், நேற்று மாலைதான் சஸ்காச்சுவானிலிருந்து வந்து அவர் விடுதியில் இறங்கியவர். கணவரை இழந்தவர். வெண்டல் சொல்வதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். மனைவி போன பிறகு வெண்டல் பேச்சை இப்படிக் கேட்டது பூனை ஒன்றுதான்; அதுவும் மீனுக்காக.

அந்தக் காதுகள் வியாழக்கிழமை, தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தைத் தாண்டிப் போய்விடுமே. எப்படியாவது நாலு நாள் கூட இருக்க வைத்துவிட வேண்டும்.

"முதல் நாள் கேவெண்டிஷ். சாயங்கால வெயில்ல அந்தச் செம்பாறையைப் பாக்கணும் நீங்க. கடலோரமே பழுக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி தகதகன்னு நிக்கும். வழியெல்லாம் ரோட்டோரம் லூபின் பூ. ஊதா, ரோஸ்னு... ஜூன் மாசம் எங்க ஊருல புல்லு பூண்டுக்குக்கூடத் திமிரு வந்துடும்."

"அந்தப் பூவைப் பறிச்சா வாடிடுமோ?"

"தண்ணியில வச்சா ரெண்டு நாள் தாங்கும். அப்புறம் உருளைக்கிழங்கு வயல். அது பூக்குறதைப் பாக்காமப் போனா தீவுக்கு வந்ததே வீண். என்ன, அதுக்கு ஜூலை கடைசி வரைக்கும் இருக்கணும்."

தேநீர்க் கெண்டியோடு வந்த மர்ட்டில் சிரித்தாள். "அப்புறம் கிழங்கு தோண்டணும், அதுக்கு அக்டோபர் வரைக்கும் இருக்கணும். டேய், அவங்க சுத்திப் பாக்க வந்தாங்களா, விவசாயம் பண்ண வந்தாங்களா?"

"நீ சும்மா இரு அக்கா. இதக் கேளுங்க, உள்ள வர்றதுக்குப் பாலத்துல காசே கிடையாது. போறப்பதான் புடுங்குவாங்க. அதாவது, இந்த ஊரை விட்டுப் போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு அபராதம்!"

திருமதி பாவ்லக் வாய்விட்டுச் சிரித்தார். வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. விரல் வரைபடத்தின் வலக்கோடிக்கு ஓடியது.

"மூணாம் நாள் பேசின் ஹெட். மணல்ல நடந்தா மணல் பாடும். நாங்க பொறந்து வளர்ந்த இடம். பதினாறு வயசுல அங்க ஒரு பொண்ணோட தொப்பி கடல்ல விழுந்துடுச்சு. குதிச்சேன் பாருங்க, நாய் சைஸ்ல ஒரு லாப்ஸ்டர்! அப்படியே கொடுக்கால கெண்டைக்காலைக் கவ்விடுச்சு." கால்சட்டையை உயர்த்தி வடுவைக் காட்டினார்.

"போன வருஷம் அது பூனை சைஸ்தான்டா இருந்துச்சு," என்றாள் மர்ட்டில்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டார் திருமதி பாவ்லக்.

"குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிட்டா. அப்பல்லாம் பாலம் ஏது, கப்பல்தான். அவளுக்கு என் மேல உசுரு. கப்பல் கிளம்புற வரைக்கும் என்னை நெனைச்சு அழுதாளாம்."

திருமதி பாவ்லக்குக்குத் தேநீர் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு, "ஆக, மூணாம் நாள் கீழ்க்கிழக்கே போகணும்ங்கறீங்க," என்றார்.

மர்ட்டிலின் கையில் கெண்டி அந்தரத்தில் நின்றது. கிழக்கைக் கீழ்க்கிழக்கு என்றும் மேற்கை மேல்மேற்கு என்றும் தீவில் பிறந்தவர்கள்தான் சொல்வார்கள். வெளியூர் நாக்குக்கு அது வராது. தீவுக்காரர் தீவுக்காரரைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வியை மர்ட்டில் கேட்டாள்.

"ஏம்மா... உங்கப்பா யாரு?"

"ஹெக்டர் டிங்வெல்."

வெண்டல் உயர்த்திப் பிடித்திருந்த கால்சட்டை நுனி தானாகக் கீழே இறங்கியது.

"எந்த ஹெக்டர்? மணல்மேட்டு வீட்டுல, அந்தக் கறுப்பு நாய் வச்சிருந்தாரே?" என்று கேட்டாள் மர்ட்டில்.

"அவரேதான். அந்த நாயேதான்." திருமதி பாவ்லக் வெண்டலைப் பார்த்துத் திரும்பினார். "தொப்பியும் இல்ல, லாப்ஸ்டரும் இல்ல. நாங்க ஊரை விட்டுப் போறதுக்கு முந்தின நாள், கை நிறைய லூபின் பூவோட எங்க வாசலுக்கு வந்த. நாய் கவ்வினதும் பூவைப் போட்டுட்டு ஓடிட்ட. நீ என்ன சொல்ல வந்தேன்னு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் வெண்டல்."

மர்ட்டில் சத்தமில்லாமல் சமையலறைக்குள் நழுவினாள்.

வெண்டல் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார், நாய் எதுவும் இல்லை என்று. பிறகு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, சுருக்கமாகப் பேசினார்.

"போகாதேன்னு சொல்ல வந்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா எங்கப்பாவுக்குக் கப்பல் காசு மிச்சமாகியிருக்கும்," என்றபடி வரைபடத்தை மடித்து வைத்தார் திருமதி பாவ்லக். "சரி விடு, எனக்காவது பாலத்துக் காசு மிச்சம்."