சிலுவையில் ஒரே பெயர்

கார்த்திகை மழை ஓய்ந்தும் ஓயாததுமாய்ப் பெய்ய, இலங்கையின் உக்குவளைக் குன்றுகள் துக்கம் காக்கும் மாதர்போல் வெண்முகில் முக்காடிட்டு அமர்ந்திருந்தன. மரித்தோரை நினைக்கும் மாதம் அது.

பஸ்ஸில் வெடித்த குண்டு அண்ணனைக் கொண்டுபோன பின் மதலேனா ஒருநாளும் அழவில்லை. கல்லறைச் சிலுவையில் 'செபஸ்தியன்' என்ற ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருந்தது. தந்தை பெயரோடு முழுப்பெயரை எழுதிவிட இன்று தாய் மரியாயியுடன் பெயின்டும் தூரிகையுமாய் வந்திருந்தாள்.

அதே கல்லறையில் வஹகோட்டை ஊர்ச் சிங்களப் பெண்ணொருத்தி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா! அப்பா பேரு இல்லாததாலதான் யார் யாரோ வர்றாங்க. இது எங்க அண்ணன்னு சொல்லுங்க."

"அவங்களுக்குத் தெரியும், புள்ள."

"தெரிஞ்சா ஏன் வர்றாங்க? நம்மாளுங்கதான் குண்டு வச்சாங்கன்னு கல்லறைக்கே வந்து சொல்லிக்காட்டவா?"

மரியாயி தூரிகையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அந்தச் சிங்கள நோனாவோட மகனும் அதே பஸ்ஸுலதான் போனான். அவன் பேரும் செபஸ்தியன்தான். ஆஸ்பத்திரியில அந்தப் பேருக்கு ஒரே சவப்பெட்டிதான் குடுத்தாங்க, தொறக்க வேணாம்னுட்டாங்க. மத்தவன் ஒடம்பு கெடைக்கவேயில்ல. உள்ள இருக்கிறது யாரு மகன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. சேர்ந்துதான் பொதச்சோம். அன்னைக்கு நீ மயங்கிக் கெடந்த."

மதலேனா பெயின்ட் டப்பாவை ஓரமாய் வைத்தாள். பின்னர் ஈரமண்ணில் அப்பெண்ணின் அருகே முழந்தாளிட்டு, இருவருக்காகவும் ஒரு செபம் சொன்னாள்.

அப்பெண் அவள் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:

"ஆண்டவர் உங்களைக் காப்பாத்தட்டும், மகள்."