வாரத்துக்கு இரண்டு விபத்து

ரயில் பெட்டிக்குள் புகை மண்டியிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்தபடி அலறிக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்து விழுந்த முலாம்பழம் ஒன்று உருண்டு கதவருகே போய் நின்றது.

வெளியே மல்பெரி மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தோஹிர், பச்சைத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "பரவாயில்ல, இந்தப் பொண்ணு நல்லாவே நடிக்குது" என்றார்.

தாஷ்கண்ட் நகரத்தின் அடியில் முப்பத்தெட்டு வருடம் ஓடிய மெட்ரோ பெட்டி அது. ஓடிய காலத்தில் அதற்கு ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. ஓய்வு கொடுத்து, லாரியில் ஏற்றி, மீட்புப் படையின் பயிற்சி மைதானத்தில் இறக்கிய பிறகுதான் வாரத்துக்கு இரண்டு விபத்து. செவ்வாய்க்கிழமை தீப்பிடிக்கும், வெள்ளிக்கிழமை தடம் புரளும்.

அடிபட்டவர்களாக நடிக்க நாடகக் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக யாராவது வருவார்கள். இன்றைக்குக் கர்ப்பிணி வேஷம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருவாள், எதுவும் கேட்காமல் நேரே பெட்டிக்கு அனுப்பிவிடு என்று காலையிலேயே தோஹிர் வாசல் காவலாளியிடம் சொல்லிவைத்திருந்தார். அவனும் அப்படியே செய்திருந்தான்.

தேர்வு அதிகாரியான தோஹிர் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். முடிவு விசிலை அவர் ஊதும்வரை யாரும் நடிப்பை விடக்கூடாது. பாதியில் சிரித்த ஒருவனுக்குக்கூட அவர் இதுவரை பாஸ் போட்டதில்லை.

இன்றைய தேர்வு இல்ஹோமுக்கு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படையில் இடம் கிடையாது, மாமனாரின் கம்பளக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த மாமனாரைப் பார்த்திருந்த சக மாணவர்கள் எல்லோரும் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

இல்ஹோம் கதவை நெம்பித் திறந்து உள்ளே போனான். பாடப் புத்தகத்தில் உள்ளபடி பெயர் என்ன, எத்தனையாவது மாதம் என்று நிதானமாகக் கேட்க ஆரம்பித்தான். அந்தப் பெண் அவன் கையைப் பற்றி முறுக்கியதில் அவனும் சேர்ந்து அலறினான்.

"மாசம் கேக்குற நேரமாடா இது? வெயிலுக்கு ஒதுங்க வந்தவள இப்படிப் புகைய விட்டுக் கொல்றீங்களே. மூத்தது ரெண்டும் இப்படித்தான் அவசரமா வந்துச்சுங்க. தூக்குடா முதல்ல."

வேடிக்கை பார்த்த மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோஹிருக்கு ரொம்பத் திருப்தி. வசனத்தைக்கூடச் சொந்தமாகப் பேசுகிறாள், இருக்கையெல்லாம் தண்ணீர் ஊற்றி நனைத்து வைத்திருக்கிறாள், இவளல்லவா நடிகை என்று பக்கத்திலிருந்தவர்களிடம் புகழ்ந்தார்.

இல்ஹோம் வெளிறிய முகத்தோடு கதவுக்கு வந்தான். "ஐயா, ஒருவேளை இது நிஜமா இருந்தா என்ன செய்யணும்?"

"நிஜம்னே நினைச்சுச் செய்யிடா. அதுக்குத்தானே தேர்வு" என்றார் தோஹிர்.

அதன்பிறகு அவன் தயங்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து அவளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். இத்தனை மெதுவாகத் தூக்கினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் பிறக்கும் என்று அவள் அவர்களை வைதுகொண்டே வந்தாள். இல்ஹோம் அவளோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வாசல் வரை போய்த் திரும்பி வரவேண்டும், தேர்வு அத்தோடு முடியும். வாசல் வரை போனது. திரும்பவில்லை. சைரனை அலறவிட்டுக்கொண்டு பெரிய சாலையில் ஏறி மறைந்துவிட்டது.

தோஹிர் எழுந்த வேகத்தில் தேநீர் சட்டையில் கொட்டியது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார், பதிலே இல்லை. காவலாளியைப் பிடித்து விசாரித்தார். வண்டிக்குள்ளிருந்து அந்த அம்மா போட்ட சத்தத்தில் தானே பயந்துபோய்த் தடுப்பைத் தூக்கிவிட்டதாக அவன் சொன்னான்.

ஒரு மணி நேரம் கழித்து இல்ஹோம் போன் செய்தான்.

"ஐயா, பையன் பிறந்திருக்கான். மூணேகால் கிலோ. அம்மாவும் நல்லா இருக்காங்க."

முடிவு விசில் ஊதவில்லை என்பதற்காக இவ்வளவு தூரமா என்று தோஹிர் பல்லைக் கடித்தார்.

"நடிச்சது போதும். விசில் ஊதியாச்சுன்னு வச்சுக்கோ. அரசாங்க வண்டிய எடுத்துக்கிட்டு ஊரா சுத்துற? உன் மாமனார் கடையில நாளைக்கே ஒரு ஸ்டூல் போடச் சொல்றேன்."

அவன் ஏதோ சொல்ல வருவதற்குள் போனை வைத்தார். மதிப்பெண் தாளை எடுத்து, சிவப்பு மையில் 'தேறவில்லை' என்று பெரிதாக எழுதினார். மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது வாசல் பக்கமிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜீன்ஸ் போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி, கக்கத்தில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க ஐயா, பஸ் கிடைக்கல. நான்தான் இன்னைக்குக் கர்ப்பிணி."