சிவப்பில் சேர்த்த புள்ளி

மத்தியான வெயில் ஜன்னல் தட்டிகளின் வழியே கோடுகோடாக மேசைமேல் விழுந்து கிடக்கிறது. கணினித் திரை முழுக்க நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திர மண்டலம். ஒதுங்கித் தனியாகக் கிடக்கும் சின்னவை பெரும்பாலும் நீலம். அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. பெருத்துப்போனவை சிவப்பு. பெருத்தவற்றின் கூட்டத்தில் போய் விழுகிற சின்னதும் சிவப்புதான்; அதன் வாயுவைக் கூட்டம் உருவிக்கொள்ளும், பிறகு புதிதாக எதுவும் பிறக்காது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சொந்தமாக ஆராய்ச்சி செய்தவள். துறைத்தலைவரைக் கட்டிக்கொண்டபோது பெரிய இடத்துச் சம்பந்தம் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அவருடைய கட்டுரைகளுக்குப் படம் போடுகிறாள். அவர் இப்போது அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்து, நகத்தால் திரையைத் தட்டுகிறார். "இந்தச் சின்னது செத்துப்போச்சு. சிவப்புல சேத்துடு."

"சாகலைங்க. தூசி மூடியிருக்கிறதால சிவப்பாத் தெரியுது. உள்ளே இன்னும் நட்சத்திரம் பிறந்துட்டுத்தான் இருக்கு. அகச்சிவப்புல பாத்தேன்."

"ஒத்தப் புள்ளி. அதை யாரு உத்துப் பாக்கப் போறா?" சிரித்தபடி அவள் தோளைத் தட்டிவிட்டுக் கதவுப்பக்கம் நடக்கிறார். அவள் விரல் விசையின் மேல் நிற்கிறது. அவருடைய நகம் பட்ட இடத்தில் திரையில் ஒரு கீறல்.

"ஆமா. இத்தனை வருஷமா யாரும் பாக்கலையே."

"என்ன சொன்னே?"

அவள் விசையை அழுத்துகிறாள்.

"சிவப்புல சேத்துட்டேன்னு சொன்னேன்."