பாஸ்டர் வருகிற வரைக்கும்

நாலாவது பாட்டு முடிந்தபோது பாடல்குழுவை நடத்தும் ராஜமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று காலை பொறுப்பேற்க வேண்டிய புதுப் பாஸ்டரை இன்னும் காணோம். பாஸ்டர் வந்து ஜெபிக்கிற வரைக்கும் பாட்டு நிற்கக் கூடாது என்பது கேரளத்தில் தம்பானூரை ஒட்டியிருந்த அந்தத் தமிழ்ச் சபையின் வழக்கம்.

முந்தின நாளே ஊர் வந்துவிட்ட பாஸ்டரின் மனைவி ஜெயஷீலா, செல்போனும் கையுமாக வந்தாள்.

"சார், அவங்க வந்த வாடகைக் காரு எல்லை செக்போஸ்டுல கிடக்கு. பெர்மிட்டுக்கு சீல் வைக்க ஆபீசர் இல்லியாம்."

"எங்க போனாராம்?"

"ஆருக்குத் தெரியும்? சீல் பெட்டியப் பூட்டி சாவியையும் கொண்டுட்டுப் போயிட்டாராம். பியூன் வாயத் திறக்க மாட்டேங்கானாம். ரெண்டு மணிக்கூறா வெயில்ல நிக்காங்க. ஞாயித்துக்கிழமையாவது இவனுவளுக்கு மனசாட்சி வேண்டாமா?"

சபை பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ராஜமணியையே பார்த்தது. அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். சாவி பத்திரமாக இருந்தது.

விடியற்காலையில் பியூனிடம் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

"ஆருட்டயும் சொல்லாதடே. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினதும் அடுத்த பஸ்ஸில வந்துருதேன்."