முந்நூற்றோராவது எச்சரிக்கை

மேசைத் தலைமாட்டில் ஆராய்ச்சி நிறுவன இயக்குநர், சன்னலோரம் நிறுவனத்தின் வக்கீல், கதவருகே ஸ்டூலில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்துக்கு வலக்கையைப் பறிகொடுத்த செங்கோடன், அவனுக்கு எதிரே திலகவதி. கை உள்ளே இருந்தால் அந்த இயந்திரத்தை இறங்கவிடாத பாதுகாப்பு சர்க்யூட்டைச் சோதித்துச் சரியென்று சொன்னது அவள் எழுதிய மென்பொருள்.

"கவனமில்லாம அவனே கைய விட்டான்னு தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதிடும்மா. கதை முடிஞ்சுது," என்றார் வக்கீல்.

செங்கோடன் மொட்டைக் கையால் மேசையை ஓங்கி அறைந்தான். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. "கை உள்ள இருக்கறப்ப ஏம்மா இறங்குச்சு?"

பிரஸ் தானாக இறங்கக்கூடும் என்ற எச்சரிக்கை சோதனையில் முந்நூறு முறை பொய்யாகவே வந்ததால், இனிக் காட்டாதே என்று மென்பொருளுக்குச் சொல்லி வைத்தவள் அவள்தான். முந்நூற்றோராவது நிஜம்.

அதை அப்படியே எழுதினாள். எட்டிப் படித்த இயக்குநர் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்தது.

"உன்னோட இருபது வருஷ ஆராய்ச்சி போச்சு, தெரியுதா?"

"தெரியுது சார்."

கடிதத்தை உறையிலிட்டு, அதன் பசையை நாக்கால் நனைத்தாள். ரத்தம் கரித்தது. ஒட்டிச் செங்கோடனின் இடக்கையில் கொடுத்தாள். அவன் தபால்பெட்டியை நோக்கி நடந்தான்.