முகத்துக்கு இஸ்திரி

“பவுடர் வேண்டாம் சார். முகத்தைக் கழுவிட்டுதான் வந்தேன்” என்றாள் அந்தப் பெண். கண்ணாடி முன்னால் இருந்த பவுடர் டப்பாவையும் சீப்பையும் அவள் தொடக்கூட இல்லை.

ஸ்டூடியோக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிற பெண்கள் அந்தக் கண்ணாடியை விட்டு லேசில் நகர மாட்டார்கள்.

“கல்யாணத்துக்குப் பாக்கற போட்டோதானே? நீங்க சொல்லவே வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்குகளைப் போட்டுவிட்டார். கேள்வியும் நானே பதிலும் நானே என்பது அவர் சுபாவம். இதற்காகக் கல்லாவில் இருக்கும் மனைவி அவரைத் திட்டாத நாளில்லை.

“நேரா ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு எடுங்க சார். கழுத்து நல்லாத் தெரியணும்.” அவள் தலைமுடியை மொத்தமாக அள்ளி உச்சியில் முடிந்துகொண்டாள். “நல்லா விழணும் சார். இந்தப் போட்டோவுலதான் என் வாழ்க்கையே இருக்கு.”

“ரொம்பக் கறாரான இடம் போலிருக்கே! எல்லாப் பக்கமும் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாங்களாக்கும். ஏம்மா, அவசரம்னா உங்க போனுக்கு அனுப்பிடட்டுமா?”

“போன் எங்கிட்ட இல்ல சார். நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்.”

பெண்ணுக்குப் போன்கூடக் கொடுக்காத கண்டிப்பான குடும்பம் என்று அவர் தலையாட்டிக்கொண்டார். எடுத்து முடித்ததும் அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

தெருவில் அவருக்கு ‘இஸ்திரி’ என்று பட்டப்பெயர். எவ்வளவு கசங்கின முகமாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் தேய்த்து மடிப்புக் கலையாமல் கொடுத்துவிடுவார். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் முகங்களில் ஒரு மரு, ஒரு மச்சம் கிடையாது. படத்தில் பார்த்த மருமகளை நேரில் அடையாளம் தெரியாமல் திண்டாடிய மாமியார்கள் உண்டு. கேலிக்கு வைத்த பேர்தான் என்றாலும் அவருக்கு அதில் பெருமை.

இந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கன்னத்தில் நிறம் மங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு திட்டு. வெறும் கழுத்தில் வரிவரியாகக் கருமை. கவரிங் செயின் ஒத்துக்கொள்ளாத கழுத்துகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார், வெயிலில் அலைந்து கருத்த முகங்களையும்தான். பாவமாக இருந்தது. இப்படியே அனுப்பினால் எவன் சரி என்று சொல்லுவான்?

“அந்தப் பொண்ணு எதையும் அழிக்கச் சொல்லலியே” என்றாள் மனைவி, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. “வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்.”

“எந்தப் பொண்ணு வாயத் தொறந்து, என் மூஞ்சி சரியில்ல, சரி பண்ணுங்கன்னு கேக்கும்? நாமளாப் பாத்துச் செய்ய வேண்டியதுதான். வாழ்க்கையே இதுல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்து செய்தார். மங்கல் போயிற்று, திட்டு போயிற்று, கழுத்து பளிங்குபோல ஆயிற்று. சொந்த மகளுக்குக்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

முடிந்ததும், வழக்கம்போல, அசல் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்தும் கேமராவிலிருந்தும் அடியோடு அழித்தார். ஒருத்தர் முகத்துக் குறை இன்னொருத்தர் கண்ணில் படக் கூடாது. தொழிலில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் அது.

அவள் சொன்னபடி மறுநாள் வரவில்லை. பல நாள் கழித்து மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“இன்னிக்குத்தான் சார் வீட்டைவிட்டு வெளிய வர முடிஞ்சுது. போட்டோ ரெடியா?”

ஏறிட்டுப் பார்த்தவர் அசந்துபோனார். அவள் முகத்தில் ஒரு கறை இல்லை. “அட, என் போட்டோவப் பாத்து உங்க முகமும் திருந்திடுச்சு பாருங்க!”

அவள் சிரிக்கவில்லை. கவரைப் பிரித்து முதல் படத்தைப் பார்த்தாள். அதை அவசரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள்.

“இது இல்ல சார். அன்னிக்கு எடுத்தது எங்க?”

“இதான்மா அன்னிக்கு எடுத்தது. சும்மா கொஞ்சம் தொடச்சு விட்டிருக்கேன்.”

“தொடைக்காதது?”

“அதையெல்லாம் நான் வச்சுக்கறதே இல்ல. அன்னிக்கே அழிச்சாச்சு. இனி அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் கெடைக்காது.” பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை பாடுபட்டதற்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே என்று சுருக்கென்றது.

“இதுக்குப் போய் யாராவது கலங்குவாங்களா? புதுசா எடுத்துட்டாப் போச்சு. இப்பத்தான் முகம் பளிச்சுனு இருக்கே!” என்று விளக்கைப் போட்டார்.

அந்த வெளிச்சத்தில் அவள் தன் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“என் புருஷன் அடிச்சதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான் சார்.”