பின்தளத்து வாங்குகள்

சாம்பலைக் கரைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போகிற உயிர் தயங்கி நின்றுவிடும். இராசநாயகம் இதைக் காலையிலிருந்து மனைவி தவமலருக்கு மூன்று முறை சொல்லிவிட்டார். ஆனால் தீவிலிருந்து திரும்பும் படகில், கோடை விடுமுறைக் கூட்டத்தில், அவர்களுக்குப் பின்தளத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே உட்காரும் வாங்குகள் எல்லாம் தீவைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன. போன மாதம் மகன் ஆரூரன் நீந்தப்போய் மூழ்கிய குடாவை நோர்வேக்காரர்கள் ஐஸ்கிறீமும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கைப் போட்டவன்ரை வீட்டிலை ஒரு செத்தவீடும் நடக்கேல்லைப் போல,” என்றாள் தவமலர்.

“கதையாதை. அங்காலை திரும்பு.”

இருவரும் தீவுக்கு முதுகைக் காட்டி, பயணிகள் அறையின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். சாம்பல் இருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். படகு நகர்ந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோப்பா.”

“ஏன்?”

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். கறுத்த கண்ணாடியில், அவருடைய தோளுக்குப் பின்னால், தீவு முழுதாகத் தெரிந்தது. பாறைகள், கொடிக்கம்பம், சற்றுமுன் அவர்கள் குனிந்து நின்ற கரை.

அவர் ஓரடி தள்ளி நின்றார். தூவானம் பட்டுக் கண்ணாடி மங்கியது. அவர் சட்டைக் கையை இழுத்து அதைத் துடைத்துவிட்டார். தீவு சிறுக்கச் சிறுக்க, மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டே வந்தார்.